கேம்பெய்னை ஓட்டுவது கதையா, கேரக்டரா? கேம் மாஸ்டர் எதைத் தயார் செய்ய வேண்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரியான, ஆளுக்கொரு கற்பனை கேரக்டராக மேசையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டை முதல்முறை கேம் மாஸ்டராக, அதாவது அந்த உலகத்தையும் அதில் வரும் மற்ற ஆட்களையும் கையாளுகிறவராக, நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “கதையை நான் எழுதி வைக்கணுமா, இல்ல, ஆடுறவங்க கொண்டு வர்ற கேரக்டர்ல இருந்து கதை தானா வரணுமா?” இரண்டு வழியிலும் அருமையான கேம்பெய்ன்கள், அதாவது பல தடவை கூடி ஆடும் தொடர்கள், உண்டு. ஆனால் எந்த வழி என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்தால், சனிக்கிழமை இரவு முழுக்கத் தயார் செய்ததில் பாதி ஞாயிற்றுக்கிழமை மேசைக்கே வராது. இரண்டுக்கும் தயாரிப்பு வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’, ‘மாஸ்க்ஸ் ஆஃப் நையார்லதோடெப்’ என்ற இரண்டு ரெடிமேட் சாகசங்களின் ரகசியங்களும் கீழே உடைபடும். அவற்றை ஆட்டக்காரராக ஆட ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை

உங்கள் கேம்பெய்னிலிருந்து ஒரு கேரக்டரை மனதுக்குள் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு கேரக்டரை உட்கார வைத்துப் பாருங்கள். அடுத்த செஷனில் நடக்கப்போவது அப்படியே இருக்கிறதா? அப்படியானால் ஓட்டுவது கதை. மாறுகிறதா? அப்படியானால் ஓட்டுவது கேரக்டர்.

2014-இல் வந்த டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் ஃபண்டெல்வர் சாகசத்தை எடுத்துக்கொள்வோம். கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற ட்வார்ஃப் (குள்ள இனத்தவர்), ஒரு வண்டி நிறையச் சரக்கை ஃபண்டாலின் என்ற சிற்றூருக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு முன்னால் போகிறார். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதரில் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் பதுங்கியிருக்கின்றன. அங்கே தொடங்கி, ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட் கும்பல், கிராக்மா கோட்டை என்று போய்க் கடைசியில் வேவ் எக்கோ குகையில் முடியும். வண்டி ஓட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. புத்தகத்தில் இருக்கிறபடியே நடத்தினால் இது கதை ஓட்டும் கேம்பெய்ன்.

ஆனால் அதே பெட்டிக்குள் ஐந்து ரெடிமேட் கேரக்டர்களும் இருக்கிறார்கள். ட்வார்ஃப் கிளெரிக் (கடவுள் அருளால் மந்திரம் செய்கிறவர்), கண்ட்ரனுக்கு நெருங்கிய சொந்தம். ஹாஃப்லிங் என்ற சிறிய உருவ இனத்து ரோகுக்கு (பதுங்கலிலும் திருட்டிலும் தேர்ந்தவர்) ரெட்பிராண்ட் கும்பலோடு பழைய கணக்கு ஒன்று பாக்கி. போர்வீரரான ஒரு ஃபைட்டரின் குடும்ப வேர் தண்டர்ட்ரீ என்ற பாழூரில் இருக்கிறது. அங்கே இப்போது ஒரு பச்சை டிராகன் குடியிருக்கிறது.

வேவ் எக்கோ குகையின் வாசலுக்கு அருகிலேயே ஒரு சடலம் கிடக்கும். கண்ட்ரனின் சகோதரன் தார்டன். காலில் மந்திர பூட்ஸ். இதை இரண்டு குழுக்களுக்கு நடத்தியிருக்கிறேன். முதல் குழுவில் எல்லாரும் சொந்தமாகச் செய்த கேரக்டர்கள், கண்ட்ரன் அவர்களுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி மட்டும்தான். பூட்ஸைக் கழற்றினார்கள், யார் போடுவது என்று டைஸ் உருட்டினார்கள், உள்ளே போய்விட்டார்கள். இரண்டாவது குழு ரெடிமேட் கேரக்டர்களோடு ஆடியது. ரோக் ஆடிய பெண் உற்சாகமாக “பூட்ஸ் எனக்கு!” என்றாள். கிளெரிக் ஆடியவர் தன் கேரக்டரின் விவரங்கள் இருக்கும் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “அது என் சித்தப்பா பையன்” என்றார்.

அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு யாரும் டைஸைத் தொடவில்லை. உடலை இங்கேயே புதைப்பதா, ஊருக்குத் தூக்கிப் போவதா? ட்வார்ஃப்கள் செத்தவர்களை என்ன செய்வார்கள்? பூட்ஸை எடுத்தால் அது திருட்டா, இல்லை வாரிசு என்ற முறையில் கிளெரிக் கொடுக்கலாமா? கடைசியில் கிளெரிக்கே பூட்ஸைக் கழற்றி ரோகிடம் நீட்டினார், ஒரு நிபந்தனையோடு: மூன்றாவது சகோதரன் நண்ட்ரோ என்ன ஆனான் என்று தெரியாமல் இந்தக் குகையை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது. முதல் குழு, அடி பலமாகப் பட்டதும் வெளியே வந்து ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பப் போனது. இந்தக் குழு அந்த வாக்கால் கட்டுப்பட்டு உள்ளேயே ஒளிந்து ஒளிந்து போனது. அதே வரைபடம், அதே அரக்கர்கள், இரண்டு வேறு விளையாட்டு.

மாட்யூலை, அதாவது அச்சில் வந்த சாகசத்தை, வைத்து மட்டும் ஒரு கேம்பெய்ன் எந்த வகை என்று சொல்லிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கதை ஓட்ட வேண்டுமென்றால்

கதை ஓட்டும் கேம்பெய்ன் ஏதோ இரண்டாம் தரம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு, வாராவாரம் எல்லாரும் வர முடியாத குழுவுக்கு, நான்கைந்து செஷனில் முடிக்க வேண்டிய விளையாட்டுக்கு இதுதான் பொருத்தம். வேலைக்குப் போய்விட்டு வந்து மூன்று மணி நேரம் நிம்மதியாக ஒரு கோட்டையைத் தாக்க நினைப்பவரிடம் போய் “உங்க கேரக்டரோட உள்மனக் காயம் என்ன?” என்று கேட்பது அவருக்குச் செய்யும் நல்லது இல்லை.

இங்கே நீங்கள் எழுத வேண்டியது வில்லனின் திட்டத்தை. ஹீரோக்கள் என்ன செய்வார்கள் என்று எழுதாதீர்கள். அது அவர்கள் வேலை. யாருமே தடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டு இதை விதியாகவே வைத்திருக்கிறது: ஒவ்வொரு ஆபத்துக்கும் வரிசையாகக் கெட்ட சகுனங்கள், கடைசியில் ஒரு பேரழிவு. ஃபண்டெல்வரில் வில்லன் பிளாக் ஸ்பைடர். அவனுக்கு நான் எழுதிக்கொண்ட வரிசை இது. ஊரில் ஒரு கடைக்காரர் காணாமல் போகிறார். ஊருக்கு வரும் பாதையில் சரக்கு வண்டிகள் நின்றுபோகின்றன. கண்ட்ரன் சித்திரவதை தாங்காமல் குகை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறார். குகையில் இருக்கும் மந்திர உலை அவன் கைக்குப் போகிறது. ஹீரோக்கள் நேரத்தை வீணாக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படி நகரும்.

இதை எல்லாரும் பார்க்கும்படி வைப்பது இன்னும் நல்லது. 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் விளையாட்டில் இதற்காகவே ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க நிரப்புவார்கள். எந்த விளையாட்டிலும் இது வேலை செய்யும். ஒரு தாளில் வரைந்து மேசை நடுவில் வையுங்கள். நீங்கள் பேனாவைக் கையில் எடுத்தாலே ஆடுகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் தடயங்கள். ஒரு விஷயம் தெரியாவிட்டால் கதை நின்றுவிடும் என்றால், அதைத் தெரிந்துகொள்ள மூன்று வழியாவது இருக்க வேண்டும். கிராக்மா கோட்டை எங்கே இருக்கிறது என்பது பிடிபட்ட கோப்ளினுக்கும் தெரியட்டும், தண்டர்ட்ரீயில் இருக்கும் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ரைடோத்துக்கும் தெரியட்டும், ரெட்பிராண்ட் தலைவனின் மேசையில் கிடக்கும் ஒரு கடிதத்திலும் இருக்கட்டும். ஒன்றை அவர்கள் கொன்றுவிடுவார்கள், ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், மூன்றாவது கிடைக்கும்.

கதை எல்லை மீறும் இடம் ஒன்று உண்டு. 1984-இல் வரத் தொடங்கிய டிராகன்லான்ஸ் மாட்யூல்களில் ஹீரோக்கள் முன்பே செய்து தரப்பட்டவர்கள். அவர்கள் பின்னால் வரும் கதைக்குத் தேவை. அதனால் முக்கியமான ஒருவர் செத்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு எப்படியோ தப்பித்ததாகத் திரும்பக் கொண்டுவரலாம் என்று கேம் மாஸ்டருக்கு அதில் வழி சொல்லப்பட்டிருக்கும். ஒரு பெரிய காவியத்தை மேசையில் நடத்திக் காட்ட எடுத்த முயற்சி என்று அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஹீரோ செத்தாலும் சாகாதபடி பார்த்துக்கொண்டால், டைஸ் உருட்டுவதற்கே அர்த்தம் போய்விடுகிறது. சாகட்டும். கதையை இன்னொருவர் எடுத்துப் போவார்.

அதைத் துணிந்து செய்தது கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டின் ‘மாஸ்க்ஸ் ஆஃப் நையார்லதோடெப்’. இதுவும் 1984-இல் வந்ததுதான். 1925-இல் நியூயார்க்கில் ஜாக்சன் எலியாஸ் என்ற எழுத்தாளர் ஹோட்டல் அறையில் கொல்லப்படுகிறார். அவர் விட்டுப்போன தடயங்கள் லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகம் முழுக்க இழுத்துப் போகும். துப்பறிகிறவர்கள் வழியெல்லாம் சாவார்கள், பைத்தியமாவார்கள். புதியவர்கள் வந்து சேருவார்கள். ஆரம்பித்த கேரக்டர் ஒன்றுகூட மிஞ்சாமல் முடியலாம். அப்படியும் கேம்பெய்ன் உடையாது, ஏனென்றால் அதைத் தாங்குவது தடயங்கள்.

அதில் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. எலியாஸ் உங்கள் நண்பர் என்று கேம் மாஸ்டர் சொல்வார். ஆடுகிறவர்கள் அவரைப் பார்ப்பதே கொலை நடந்த பிறகுதான். 2018 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். 1921-இல் பெருவில் நடக்கும் ஓர் அத்தியாயத்தை முன்னால் சேர்த்து, எலியாஸோடு சேர்ந்தே ஒரு சாகசம் ஆட வைத்தார்கள். அவர் சிரிப்பார், உயிரைக் காப்பாற்றுவார், புத்தகம் எழுதுவதைப் பற்றிப் பேசுவார். நான்கு வருடம் கழித்து அவர் செத்துக் கிடக்கும்போது, மேசையில் இருப்பவர்களுக்கு நிஜமாகவே கோபம் வரும். கதை ஓட்டும் கேம்பெய்ன் நடத்துகிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: யாரைக் கொன்று கதையைத் தொடங்கப் போகிறீர்களோ, அவரோடு முதலில் ஒரு செஷன் ஆட விடுங்கள்.

கேரக்டர் ஓட்ட வேண்டுமென்றால்

பத்துப் பக்கப் பேக்ஸ்டோரி (கேரக்டரின் முன்கதை) கேட்காதீர்கள். எழுத முடிகிறவர் ஒருவர்தான் எழுதுவார், மற்றவர்கள் சங்கடப்படுவார்கள். அந்தப் பத்துப் பக்கமும் முடிந்துபோன விஷயமாகவே இருக்கும். நான் மூன்றே விஷயங்களைக் கேட்பேன்: இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவர், இன்னும் தீராமல் கிடக்கும் ஒன்று (கடனோ சத்தியமோ பகையோ), எந்த நிலைமையிலும் செய்ய மாட்டேன் என்ற ஒன்று.

“என் குடும்பத்தை ஆர்க்குகள் கொன்றுவிட்டார்கள், நான் அநாதை” என்று நிச்சயம் ஒருவர் வருவார். திருப்பி அனுப்ப வேண்டாம். அவர்களை யார் புதைத்தது, அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள், நீ மட்டும் அன்றைக்கு எங்கே போயிருந்தாய் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாலே கேரக்டர் பிறந்துவிடும்.

இதற்கு அடுத்த படி, 2002-இல் வந்த பர்னிங் வீல் விளையாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் கேரக்டருக்கு மூன்று நம்பிக்கைகளை எழுத வேண்டும், கேம் மாஸ்டரின் வேலை அவற்றை உரசிப் பார்ப்பது. “நீதி முக்கியம்” என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “என் குருவைக் காட்டிக்கொடுத்தவர் மடத்துக்குள்ளேயே இருக்கிறார், அறுவடைத் திருவிழாவுக்குள் அவர் யார் என்று கண்டுபிடிப்பேன்” என்று எழுதினால் ஒரு செஷன் தயார். ஒரு நிலைப்பாடும் அதையொட்டிய ஒரு செயலும் ஒரே வரியில் இருக்க வேண்டும். எந்த விதிப்புத்தகத்தை வைத்து ஆடினாலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரலாம்.

தயாரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் மேசையில் ஒரு பாலடின் (சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரர்), கொள்ளைக் கும்பலில் இருக்கும் எவனையும் சும்மா விட மாட்டேன் என்று எழுதியிருந்தார். ரோக், தம்பியை ஊர்ப் பஞ்சத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தவள், அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: தம்பி இப்போது கும்பலின் சுங்கச்சாவடியில் காவலுக்கு நிற்கிறான். அவனுக்குச் சோறு போட்ட முதல் ஆள் கும்பல் தலைவர்தான், அதனால் அவரை விட்டு வர மாட்டான். போன மாதம் ஒரு வணிகரைக் கொன்றவர்களில் அவனும் ஒருவன். வரைபடம் கிடையாது, என்ன முடிவு வரும் என்று எனக்கும் தெரியாது. நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. பாலடின் தம்பியைக் கைது செய்தார். ரோக் சாட்சி சொல்ல மறுத்தாள். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பிளவை வைத்தே ஓடியது. இந்த வழியில் கேம் மாஸ்டர் தயார் செய்வதெல்லாம் மற்ற மனிதர்களின் ஆசைகளைத்தான். ஒவ்வொரு என்பிசிக்கும் (கேம் மாஸ்டர் ஆடும் ஆளுக்கும்) ‘இவருக்கு என்ன வேண்டும், ஏன் விட்டுக்கொடுக்க மாட்டார்’ என்று இரண்டு வரி.

விதிகளும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். அரக்கனைக் கொன்றால்தான் அனுபவப் புள்ளி (கேரக்டர் லெவல் ஏறச் சேர்ப்பது) என்றால், யாரும் தம்பியோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஃபேட் விளையாட்டில் உங்கள் கேரக்டரின் குணமே உங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டால் அதற்கு ஒரு ஃபேட் பாயின்ட் (பின்னால் செலவழித்து உதவி பெறும் புள்ளி) கிடைக்கும். டன்ஜன் வேர்ல்டில் இன்னொரு கேரக்டரோடு இருக்கும் பந்தம் ஒன்று முடிவுக்கு வந்தால் செஷன் முடிவில் அனுபவப் புள்ளி உண்டு. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு லட்சியம், ஒரு பந்தம், ஒரு குறை எழுதச் சொல்லி, அவற்றை ஒட்டி ஆடினால் இன்ஸ்பிரேஷன் (ஒரு டைஸ் உருட்டலைச் சாதகமாக்கும் பரிசு) கொடுக்கச் சொல்கிறது. பல மேசைகளில் அது ஷீட்டின் மூலையிலேயே தூங்கும். எழுப்புங்கள். கூடவே, புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு, கேரக்டர் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயம் முடியும்போது லெவல் ஏற்றுங்கள்.

இந்த வகைக்கு இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, நான்கு பேருக்கு நான்கு கதை என்றாகி, ஒருவர் ஆடும்போது மூன்று பேர் போனைப் பார்ப்பது. அதற்கு மருந்து ஆரம்பத்திலேயே இருக்கிறது: ஒவ்வொருவர் பேக்ஸ்டோரியிலும் இருக்கும் ஒரு ஆளையாவது வேறொரு கேரக்டருக்கும் தெரிந்தவராக ஆக்கிவிடுங்கள். பாலடினின் குருதான் ரோகைச் சிறையிலிருந்து விடுவித்தவர் என்றால், குருவுக்கு ஒன்று நடக்கும்போது இரண்டு பேர் எழுந்து உட்காருவார்கள். இன்னொன்று, காலையில் வாட்ஸாப்பில் வரும் “இன்னிக்கு வர முடியல”. யாருடைய கதைக்குத் தயார் செய்தீர்களோ அவரே வராவிட்டால் அன்றைக்கு விளையாட்டே இல்லை. நான் எப்போதும் இரண்டு பேரின் விஷயத்தைத் தயாராக வைத்திருப்பேன்.

அமைதியாக இருக்கிற ஆட்டக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நீ என்ன பண்ற?” என்று அவரிடம் கேட்டால் பதறிப் போவார். “இதைக் கேட்டதும் உன் கேரக்டர் யாரைத் திரும்பிப் பார்க்கிறாள்?” என்று கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் போதும், அந்த ஆளிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம். கொஞ்ச நாளில் அவரே ஆரம்பிப்பார்.

புதிய குழுவுக்கு நான் சொல்லும் வழி

கதையில் தொடங்கிக் கேரக்டரிடம் ஒப்படைப்பது. புதியவர்களுக்குத் தங்கள் கேரக்டர் யார் என்று முதல் செஷனில் தெரியாது. கொஞ்சம் ஆபத்தில் ஒன்றாக மாட்டி, ஒருவரை ஒருவர் காப்பாற்றின பிறகுதான் தெரியும். அதனால் முதல் மூன்று லெவல் வரைக்கும் கோப்ளின், வண்டி, குகை என்று தெளிவான கதை இருக்கட்டும்.

இதில் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற டி அண்ட் டி சாகசம் ஒரு நல்ல மாதிரி. 1983-இல் வந்த ரேவன்லாஃப்ட் மாட்யூலை விரித்து 2016-இல் வெளியிட்டது. வில்லன் ஸ்ட்ராட் கோட்டையில் காத்திருப்பதில்லை. ஐரீனா என்ற பெண் தனக்கு வேண்டும் என்று தேடி வருகிறார், ஹீரோக்களைச் சந்திக்கிறார், சீண்டுகிறார். அவரை அழிக்க உதவும் வாளும் புனிதச் சின்னமும் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு குறி சொல்லும் பெண் சீட்டுப் போட்டுச் சொல்வாள். சீட்டைத் தற்செயலாகவும் எடுக்கலாம், கேம் மாஸ்டர் முன்பே தேர்ந்தெடுத்தும் வைக்கலாம். நான் தேர்ந்தெடுத்து வைப்பேன். கேரக்டர் எதற்குப் பயப்படுகிறதோ, எதைக் கைவிட்டு வந்ததோ, அதைப் போன்ற இடத்தில் வாள் இருக்கட்டும். கதை நடத்துகிற வேலையும் நடக்கும், அவருக்கு அந்த இடத்துக்குப் போகத் தனிக் காரணமும் கிடைக்கும்.

முதல் கதை முடிந்த அன்றைக்கு, எல்லாரும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாளைக் கொடுங்கள். “இப்போது உன் கேரக்டருக்கு என்ன வேண்டும்? அதற்காக யாரோடு மோதத் தயார்?” இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் உங்கள் பழைய நோட்டை எடுத்து, இந்தத் தாள்களில் யாருமே தொடாத என்பிசி, ஊர், ரகசியம் எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு போடுங்கள். மனசு வலிக்கும், நான் ஆசையாக எழுதிய ஒரு மந்திரவாதிகள் சங்கமே இப்படிப் போயிருக்கிறது. மிச்சம் இருப்பதுதான் உங்கள் கேம்பெய்ன்.

அதிலிருந்து ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஒரே கேள்வி: “அடுத்த வாரம் எங்கே போறீங்க, எதுக்கு?” பதிலை வாட்ஸாப் குழுவிலேயே எழுத வையுங்கள், அடுத்த வாரம் மனம் மாறினால் உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும். அந்தப் பதிலுக்கு மட்டும் தயார் செய்யுங்கள்: அங்கே இருக்கும் இரண்டு மூன்று மனிதர்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், கூடவே ஆபத்து வட்டத்தில் அந்த வாரம் எத்தனை துண்டு நிரம்புகிறது.